நீரில் தெரிவது எதிரொளிப்பா, நீர்ப்பாவையா?

அக்ரிலிக் வண்ணத்தில் குளக்கரை மரங்களை வரையச் சொல்லித்தரும் காணொளிகளில் இப்போது ஒரே பாட்டுதான்: "அடுத்து, மரத்தின் எதிரொளிப்பை வரைவோம்." எதிரொளிப்பை எப்படி ஐயா வரைவது?

சொல் வரலாற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பிரதிபலிப்பு வடமொழி வழி வந்தது. பட்டுத் திரும்புதல் என்று பொருள். 'மக்கள் கருத்தைப் பிரதிபலிக்கும்' என்று எழுதி எழுதியே பத்திரிகைகள் அதைத் தேய்த்துவிட்டன. தமிழகப் பாடநூல்களில் அது எதிரொளிப்பு, இலங்கைப் பாடநூல்களில் தெறிப்பு. இயற்பியலுக்கு இரண்டும் நல்ல சொற்கள். தெறிப்பு இன்னும் கச்சிதம் என்பேன்.

ஆனால் இரண்டுமே ஒரு நிகழ்வின் பெயர். ஒளி போய்ப் பட்டுத் திரும்புகிறது, அதுதான் எதிரொளிப்பு. அதனால் கண்ணுக்குத் தெரிகிற உருவம் வேறு. பாடநூலே அந்த உருவத்தைப் பிம்பம் என்றுதான் சொல்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ரிஃப்ளெக்‌ஷன் என்ற ஒரே சொல் ஓடுகிறது என்பதற்காக நாமும் ஒன்றையே ஓட்ட வேண்டுமா?

வெறும் சொற்சண்டை என்று இதைத் தள்ளிவிட முடியாது. வரைபவரின் கையையே இது கெடுக்கிறது. சொல்லுக்குள் 'ஒளி' உட்கார்ந்திருப்பதால், புதிதாகப் பழகுபவர் நேரே வெள்ளையைத் தொட்டு, மரத்தின் கீழே பளபளவென்று கோடு கோடாக இழுத்துவிடுகிறார். உண்மையில் கரும்பச்சை மரத்தின் கீழே நீரும் கரும்பச்சைதான். மரத்தின் கருமை நீரில் சற்று வெளிறும், வெளிர் வானம் சற்றுக் கறுக்கும், அவ்வளவே. மரத்துக்குக் கலந்த வண்ணத்தையே எடுத்து, தட்டைத் தூரிகையால் நேர்கீழே இழுக்க வேண்டும். அக்ரிலிக் சில நிமிடத்தில் காய்ந்துவிடும், அதற்குள் ஈரமில்லாத இன்னொரு தூரிகையால் குறுக்கே லேசாக ஒரு தடவல். வெள்ளைக் கீற்றெல்லாம் கடைசியில், காற்று நீரைக் கலைத்த இடத்தில், ஒன்றிரண்டு போதும்.

"அப்படியானால் நிழல் என்றே சொல்லலாமே, ஊரில் அப்படித்தானே சொல்கிறோம்" என்பார்கள். சரிதான், குளத்தில் கோபுரத்தின் நிழல் தெரிகிறது என்பது பழுதில்லாத தமிழ். அகராதியும் அந்தப் பொருளைத் தருகிறது. ஆனால் ஒரே படத்தில் இரண்டும் வருகிறதே! வெயில் இடப்பக்கத்திலிருந்து அடித்தால் மரத்தின் நிழல் வலப்பக்கம் விழும். நீரில் தெரியும் உருவமோ வெயிலைச் சட்டை செய்யாது. மரத்துக்கு நேர்கீழே, பார்ப்பவரை நோக்கி இறங்கும். இரண்டையும் நிழல் என்று சொல்லிக் கொடுத்தால் படிப்பவர் இதையும் சாய்த்து வரைவார். வரைகிறார்கள், பார்த்திருக்கிறேன்.

பிம்பம் பரவாயில்லை, எல்லோருக்கும் புரியும். ஆனால் வடமொழியில் பிம்பம், பிரதிபிம்பம் என்று இணையாக வரும்போது பிம்பம் என்பது மூல உருவம். அதன் சாயல்தான் பிரதிபிம்பம். முன்னால் இருந்த 'பிரதி'யை வெட்டிவிட்டு, கரையில் நிற்கும் மரத்தின் பெயரை நீரில் தெரியும் மரத்துக்கு வைத்திருக்கிறோம்.

என் ஓட்டு பாவைக்கு. குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் 'கையும் காலும் தூக்கத் தூக்கும் ஆடிப் பாவை' வருகிறது. ஆடி என்றால் கண்ணாடி. நாம் கையைத் தூக்கினால் தானும் தூக்கும் உருவம் ஆடிப்பாவை. கண்ணின் கருமணியில் தெரியும் குட்டி உருவமும் பாவைதான். அப்படியென்றால் நீரில் தெரிவது நீர்ப்பாவை. இதைவிடத் தெளிவாக ஒரு சொல்லைப் புதிதாகச் செய்ய முடியாது. பாவை என்றால் பெண்ணல்லவா என்று சிரிப்பவர்களைக் கேட்கிறேன்: பள்ளியில் குழியாடி, குவியாடி படித்தபோது ஆடி மாதத்தோடு குழப்பிக்கொண்டீர்களா?

ஓவியத்துக்குள் எதிரொளிப்பைக் கொண்டுவந்த இதே மொழிபெயர்ப்பாளர்கள்தான், ஆங்கிலத்தில் லேண்ட்ஸ்கேப் எனப்படும் இயற்கைக் காட்சி ஓவியத்தை 'நிலப்பரப்பு ஓவியம்' ஆக்கியவர்கள். நிலப்பரப்பு சதுர கிலோமீட்டரில் அளப்பது. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட முடியாது. நீர்நிலை என்று அருமையான சொல் இருக்கும்போது அடுத்து 'பாடி ஆஃப் வாட்டர்' என்பதை அப்படியே 'நீர் உடல்' என்று எழுதுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். போன வாரம் அதையும் படித்துவிட்டேன்.