கவுண்ட்டை விடுங்கள், கை காலைத் தொட்டுப் பாருங்கள்

போன வாரம் ஒரே ராத்திரியில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு டெங்கு நோயாளிகள். ஒருவன் இருபத்தாறு வயதுப் பையன், பிளேட்லெட் 38,000. உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறான், பாத்ரூமுக்குத் தானே நடந்து போகிறான், பிரஷர் நன்றாக இருக்கிறது, எங்கேயும் ரத்தக்கசிவு இல்லை. அவனைச் சுற்றி ஒன்பது பேர். ஓ பாசிட்டிவ் டோனர் வேண்டும் என்று ஸ்டேட்டஸ் போட்டு, ஊரிலிருந்து நாலு பேரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து வார்டு வாசலில் நிறுத்திவிட்டார்கள். "மேடம், இன்னும் பிளேட்லெட் ஏத்தலையா?" என்று அரை மணிக்கு ஒருவர் வந்து கேட்கிறார்.

அடுத்த கட்டிலில் நாற்பது வயது அம்மா. பிளேட்லெட் 92,000. முந்தின நாளே காய்ச்சல் விட்டுவிட்டது, கவுண்ட்டும் அப்படியொன்றும் குறையவில்லை என்று வீட்டிலேயே இருந்திருக்கிறார்கள். காலையிலிருந்து வயிற்று வலி, நாலைந்து தடவை வாந்தி, மதியத்துக்கு அப்புறம் சிறுநீரே போகவில்லை. கையைத் தொட்டேன், சில்லென்று வியர்த்திருந்தது. நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் சிவக்க நாலு விநாடி ஆனது. பிரஷர் 100/84. மேல் எண்ணை மட்டும் பார்த்தால் பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருப்பது 16 தான். இந்த இடைவெளி 20-க்கு வந்துவிட்டாலே டெங்கு ஷாக் என்று எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். அந்த அம்மாவோடு வந்திருந்தது அவர் கணவர் ஒருவர் மட்டும். அவர் கேட்ட முதல் கேள்வியும் அதுவேதான்: "கவுண்ட் எவ்வளவுங்க மேடம்?"

ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் இதையே சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

பிளேட்லெட் என்பது எலும்பு மஜ்ஜையில் பெரிய செல்களிலிருந்து உதிரும் குட்டித் துணுக்கு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கும், எட்டுப் பத்து நாள் உயிரோடு இருக்கும். ஏரிக்கரை உடைந்தால் ஊர்க்காரர்கள் மணல் மூட்டையோடு ஓடி வந்து அடைப்பார்களே, அந்த வேலைதான் இதற்கு. ரத்தக்குழாயில் கீறல் விழுந்ததும் அந்த இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு, வடிவம் மாறி, ரசாயனம் கக்கி மற்ற பிளேட்லெட்டுகளையும் கூப்பிட்டு, ஓட்டையை மூடும். அப்புறம் ஃபைப்ரின் என்கிற நார் வந்து மேலே வலை பின்னி இறுக்கும்.

சரி, இப்போது டெங்குவுக்கு வருவோம். டெங்குவில் உயிர் போவது பெரும்பாலும் கரை உடைந்து அல்ல, கரை நெடுகக் கசிந்து. மெல்லிய ரத்தக்குழாய்களின் சுவர் தளர்ந்துபோய், ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் இறங்கிவிடுகிறது. குழாய்க்குள் மிச்சமிருக்கும் ரத்தம் கெட்டியாகி, பிரஷர் விழுந்து, உறுப்புகளுக்குப் போக ரத்தம் இல்லாமல் ஆகிறது. கசிகிற கரையில் ஆயிரம் பேர் மணல் மூட்டையோடு நின்று என்ன செய்ய முடியும்? அங்கே வேண்டியது அளந்து கொடுக்கும் திரவம். அதனால்தான் நாங்கள் பிளேட்லெட்டைவிட பிசிவி என்கிற எண்ணைத் துரத்துகிறோம். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று சொல்வது அது, நீர் கசிந்து ரத்தம் கெட்டியாக ஆக ஏறும். அந்த அம்மாவுக்கு மூன்று நாள் முன்னால் 36 இருந்தது, அன்று ராத்திரி 45. ரிப்போர்ட்டில் அதே தாளில், பிளேட்லெட்டுக்கு மேலேயே அச்சாகியிருந்தது. யாரும் பார்க்கவில்லை.

"இருந்தாலும் ஏத்தினா நல்லதுதானே மேடம்?" இதுதான் அடுத்த கேள்வி. இல்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதை முறையாகச் சோதித்து 2017-இல் லான்செட் என்கிற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கவுண்ட் 20,000-க்கு இறங்கியும் சொல்லும்படி ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களில் ஒரு பாதிக்கு பிளேட்லெட் ஏற்றினார்கள், மறு பாதிக்கு ஏற்றவில்லை. ஏற்றியவர்களுக்கு ரத்தக்கசிவு குறையவில்லை, அலர்ஜி மாதிரியான பக்கவிளைவுகள்தான் கூடின. ஏற்றுகிற பிளேட்லெட்டையும் நோய் அழித்துவிடுகிறது, மறுநாள் கவுண்ட் பழைய இடத்தில் நிற்கும். வாயிலோ மலத்திலோ நன்றாக ரத்தம் போகிறது என்றால், அல்லது கவுண்ட் 10,000-க்கும் கீழே போய்விட்டது என்றால், அப்போது நாங்களே யோசிப்போம், நீங்கள் கேட்க வேண்டியதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. பிளேட்லெட் பையை பிளட் பேங்கில் 20 முதல் 24 டிகிரிச் சூட்டில், ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவியில் வைத்தாலும் 5 நாள்தான் தாங்கும். ரத்தப் புற்றுநோய்க்கு கீமோ எடுக்கும் குழந்தைக்கு அது நிஜமாகவே உயிர். டெங்கு சீசனில் அந்தக் குழந்தையின் அப்பா பை கிடைக்காமல் அலைவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை நினைத்துப் பாருங்கள்.

காலையில் ஒரு லேப், மாலையில் வேறு லேப் என்று எடுத்து 42,000, 36,000 என்று ஒப்பிட்டு அழாதீர்கள், அந்த வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை. ஒருவருக்கு மெஷின் 14,000 என்று காட்டியது, ஸ்லைடில் பார்த்தால் டியூபில் இருக்கும் மருந்தால் பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தன, சரியாக எண்ணியபோது ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல். அதற்குள் வீடே சாவு வீடு மாதிரி ஆகிவிட்டிருந்தது.

பப்பாளி இலைச்சாறு பற்றிக் கேட்காமல் யாரும் போவதில்லை. கவுண்ட் கொஞ்சம் சீக்கிரம் ஏறியதாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு. ஆனால் கசிவை நிறுத்தியதாகவோ உயிரைக் காத்ததாகவோ சான்று இல்லை. ஐந்தாம் நாள் குடிக்க ஆரம்பிக்கிறீர்கள், ஏழாம் எட்டாம் நாளில் கவுண்ட் ஏறுகிறது. குடிக்காதவருக்கும் அந்த நாளில்தான் ஏறும். ஏற்கெனவே வாந்தி எடுப்பவருக்கு அந்தக் கசப்பைப் புகட்டி, உள்ளே போன கஞ்சியையும் வெளியே கொண்டுவந்துவிடாதீர்கள் என்பதுதான் என் கவலை.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், ஆறு மணி நேர இடைவெளி விட்டு. புரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் கூடாது. மெடிக்கலில் "உடம்பு வலிக்கு" என்று கலந்து கொடுக்கும் செட் மாத்திரை வேண்டவே வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆஸ்பிரின் ஒரு பிளேட்லெட்டை முடக்கினால் அது சாகும்வரை முடங்கியதுதான். இதயத்துக்காகத் தினமும் எடுப்பவர்கள் மட்டும் தாமாக நிறுத்தாமல், காய்ச்சல் வந்த அன்றே டாக்டரிடம் கேளுங்கள். இடுப்பில் ஊசி போடச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். கஞ்சி, மோர், ஓஆர்எஸ் கரைசல் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். எத்தனை மணிக்குச் சிறுநீர் போனது என்று காலண்டர் தாளிலாவது எழுதி வையுங்கள், கவுண்ட்டைவிட அந்தத் தாள் எனக்கு உதவும். கர்ப்பிணி, கைக்குழந்தை, வயதானவர், சர்க்கரை நோயாளி என்றால் ஒருநாள்கூட வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

அந்த அம்மாவுக்கு விடியும்வரை மணிக்கு மணி திரவத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்தோம், அதிகமானால் நுரையீரலில் போய் நிற்கும் என்பதால் கண்ணை எடுக்க முடியாது. ஐந்து மணிக்குக் கை சூடானது. ஆறாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார். பையனுக்கு ஒரு பைகூட ஏற்றவில்லை, அவனும் நல்லபடியாக வீட்டுக்குப் போய்விட்டான்.

டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு வரும் இரண்டு நாள்தான் எனக்குப் பயம். அந்த நாளில் குளிக்க வைத்து, பிரியாணி வாங்கிக் கொடுத்து, வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே இருந்து பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லிட்டிருந்தால், வயிறு வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், ஆள் அசந்து கிடந்தாலோ காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ, கவுண்ட் ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்பி வந்துவிடுங்கள், டூட்டி டாக்டர் இருப்பார்.