செயின் இழுத்துப் போவதில்லை, தேய்ந்து போகிறது

போன மாதம் மெக்கானிக் கடையில் என் வண்டிக்குப் புதுச் செயின் மாட்டினார்கள். கழற்றிய பழைய செயினையும் பெட்டியிலிருந்து பிரித்த புதுச் செயினையும் கடைப் பையன் ஒரே ஆணியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டான். இரண்டிலும் 110 கண்ணிகள்தான். ஆனால் பழையது ஒரு விரற்கடை கீழே இறங்கி நின்றது. "செயின் இழுத்துப் போச்சுண்ணே" என்றான்.

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் எஃகுத் தகட்டை ரப்பர் மாதிரி இழுத்து நிரந்தரமாக நீளவைக்கும் வலு 150 சிசி இன்ஜினுக்குக் கிடையாது. பழைய செயினின் தகடு ஒவ்வொன்றையும் அளந்தால் புதிதாக வந்த நாளில் இருந்த நீளமேதான் இருக்கும். மாற்றம் நடந்திருப்பது கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இரண்டு கண்ணிகள் சேரும் மூட்டுக்குள்.

அந்த மூட்டைப் பிரித்தால், நடுவில் ஒரு பின் (சின்ன எஃகுத் தண்டு), அதைச் சுற்றி ஒரு குழல் (புஷ் என்பார்கள்), குழலுக்கு மேல் தானாகச் சுழலும் ஒரு ரோலர். பல் சக்கரத்தோடு உரசுவது ரோலர். கண்ணி மடங்கும்போது உரசிக்கொள்வது பின்னும் புஷ்ஷும். இந்த அமைப்புக்கு 1880இல் காப்புரிமை வாங்கியவர் ஹான்ஸ் ரெனால்ட். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் நடத்தியவர். அதற்கு முன்பிருந்த சங்கிலிகளில் மெல்லிய தகட்டின் விளிம்பே பின்மீது அழுந்தியதால் சீக்கிரம் அறுத்துவிடும். ரெனால்ட் நடுவில் ஒரு குழலை நுழைத்து அந்தச் சுமையை அகலமாகப் பரப்பினார். இன்று நம் வண்டியில் ஓடுவதும் அடிப்படையில் அதே செயின்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. முன் ஸ்ப்ராக்கெட்டில் (பல் சக்கரத்தில்) 14 பல், பின்னால் 42 பல், டயரின் சுற்றளவு 1.9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்குப் பின்சக்கரம் சுமார் 526 தடவை சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் 42 கண்ணிகள் நகரும். அப்படியானால் 110 கண்ணிச் செயின் ஒரு கிலோமீட்டரில் ஏறத்தாழ 200 முழுச் சுற்று போகிறது. ஒவ்வொரு மூட்டும் ஒரு சுற்றில் நான்கு முறை மடங்குகிறது: முன் பல் சக்கரத்தில் ஏறும்போது, இறங்கும்போது, பின் பல் சக்கரத்திலும் அதே மாதிரி. கிலோமீட்டருக்கு 800 மடிப்பு. பத்தாயிரம் கிலோமீட்டரில் 80 லட்சம். இதில் பாதி இன்ஜினின் இழுவையோடு நடக்கிறது.

இத்தனை உரசலில் ஒவ்வொரு மூட்டிலும் 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு ஜெராக்ஸ் தாளின் தடிமன், தேய்ந்தால் போதும். 110 மூட்டுக்கு 11 மில்லிமீட்டர். ஆணியில் தொங்கிய அந்த விரற்கடை இப்படிச் சேர்ந்ததுதான்.

இதனால்தான் செயினை டைட் வைப்பது வைத்தியம் ஆகாது. டைட் வைத்தால் தொய்வு போகும், கண்ணிக்குக் கண்ணி கூடிவிட்ட இடைவெளி போகாது. பல் சக்கரத்தின் பற்கள் பழைய இடைவெளியிலேயே இருப்பதால், தேய்ந்த செயின் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி உட்காரும். பத்துப் பற்கள் பகிர வேண்டிய சுமையை இரண்டு மூன்று பற்கள் தாங்கும். அவை கொக்கி மாதிரி ஒரு பக்கமாகத் தேயும். அப்படித் தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரம் கெடும். செயினோடு இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்றச் சொல்வது கடைக்காரரின் வியாபாரத் தந்திரம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான்.

சரி, இந்தத் தேய்மானத்தைத் தள்ளிப்போட வேண்டியது யார்? வீட்டிலேயே சர்வீஸ் செய்வதா, கடையில் விடுவதா என்ற பேச்சு பெரும்பாலும் லேபர் சார்ஜைச் சுற்றியே நடக்கும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது நாள்கணக்கு. செயினுக்குச் சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெய் வேண்டும். தினம் 30 கிலோமீட்டர் அலுவலகம் போய் வருபவருக்கு அது பதினேழு நாள். சர்வீஸுக்கு விடுவதோ 3,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிடும். எவ்வளவு நல்ல மெக்கானிக்காக இருந்தாலும் நடுவில் ஐந்து முறை காய்ந்து ஓடிய செயினை அவரால் என்ன செய்ய முடியும்? மழைக்காலத்தில் இன்னும் மோசம்.

வேலை இருபது நிமிடம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை டபுள் ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, ஓடுகிற செயினில் துணியைப் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். துணி சிக்கினால் விரலும் கூடவே பல் சக்கரத்துக்குள் போய்விடும். அப்புறம் மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ், பனியன் வேஸ்ட். ரேஷனில் மண்ணெண்ணெய் தாராளமாகக் கிடைத்த காலம் போய்விட்டது. கிடைக்காதவர்கள் செயின் கிளீனர் ஸ்ப்ரே வாங்கிக்கொள்ளலாம். பெட்ரோல் மட்டும் வேண்டாம், கம்பி பிரஷும் வேண்டாம். இப்போது பல வண்டிகளில் வருவது ஓ-ரிங் செயின். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் கம்பெனியிலேயே கிரீஸ் வைத்து, தகடுகளுக்கு இடையில் சின்ன ரப்பர் வளையத்தால் அடைத்திருப்பார்கள். பெட்ரோல் அந்த ரப்பரைக் கெடுக்கும், கம்பி அதைக் கிழிக்கும். கிரீஸ் வெளியேறிவிட்டால் மேலே எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் உள்ளே போகாது.

துடைத்துக் காய்ந்தபின் 90 நம்பர் கியர் ஆயில். கீழ்ப்பக்கமாக ஓடும் செயினின் உள்புறத்தில், தகடுகள் சேரும் இரண்டு ஓர இடுக்குகளில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். உள்ளே விட்டால் வண்டி ஓடும்போது சுழற்சியே எண்ணெயை வெளிப்பக்கமாக மூட்டுக்குள் தள்ளும். வெளியே விட்டதை அதே சுழற்சி ரிம்மில் தெளிக்கும். மிச்சத்தை அழுத்தித் துடைத்துவிடுங்கள். ஈரமாக நிற்கும் எண்ணெய் மண்ணைப் பிடித்துக்கொண்டு உப்புத்தாள் மாதிரி அரைக்கும். சில கடைகளில் இன்ஜினிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலையே செயினுக்குத் தடவுவார்கள். அதில் ஏற்கெனவே இரும்புத் துகள் மிதக்கிறது.

தொய்வு பார்ப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு முறை சர்வீஸ் முடிந்து வந்த வண்டியில் தனியாகப் போனால் சத்தமில்லை. மனைவியும் ஏறி, ஒரு அரிசி மூட்டையும் ஏறியதும் அடியில் ஒரு முனகல். டபுள் ஸ்டாண்டில் நிற்கும்போது பின்சக்கரம் கீழே தொங்குகிறது. அந்த நிலையில் செயினை விறைப்பாக வைத்திருந்தார்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஒரு அச்சில் மேலும் கீழும் ஆடும், ஆனால் அந்த அச்சும் முன் ஸ்ப்ராக்கெட்டின் மையமும் ஒரே இடத்தில் இல்லை. அதனால் ஆள் ஏறி சக்கரம் மேலே வர வர, இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் உள்ள தூரம் கூடுகிறது. முன் மையம், அச்சு, பின் ஆக்ஸில் மூன்றும் நேர்கோட்டில் வரும்போது செயின் உச்ச விறைப்பில் இருக்கும். அங்கேயும் கொஞ்சம் தொய்வு மிஞ்சாவிட்டால், அந்த இழுவை கியர்பாக்ஸ் பேரிங்கில் விழும். எவ்வளவு தொய்வு, எந்த ஸ்டாண்டில் வைத்துப் பார்ப்பது என்று வண்டியோடு தந்த கையேட்டில் இருக்கும். தேய்மானம் எல்லாக் கண்ணியிலும் சமமாக இருக்காது என்பதால், சக்கரத்தைச் சுற்றி, செயின் எங்கே அதிக விறைப்பாக இருக்கிறதோ அங்கே அளக்க வேண்டும்.

கடைக்காரர்மேல் பழி போட்டுவிட்டு என் கதையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆயில் மாற்றுவதையும் நானே செய்கிறேன் என்று இறங்கி, பழைய ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட்டை "இன்னும் கொஞ்சம்" என்று முறுக்கி, மரை போய்விட்டது. போல்ட் எஃகு, அது இறங்கும் இன்ஜின் கேஸ் அலுமினியம். போல்ட்டை முறுக்குவது என்றால் ஸ்பிரிங்கை இழுப்பது மாதிரி அதைக் கொஞ்சம் நீட்டுவதுதான். நாம் போடும் முறுக்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் அந்த நீட்டலுக்குப் போகிறது, மற்றது தலைக்கு அடியிலும் மரையிலும் உரசலில் போய்விடும். அதனால் மரையில் எண்ணெய் பட்டு உரசல் குறைந்தால், அதே முறுக்குக்குப் போல்ட் எதிர்பாராத அளவு இழுபடும். 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும் என்றால், 15 சென்டிமீட்டர் ஸ்பானரின் நுனியில் 17 கிலோ அளவு அழுத்தம் போதும். நான் வைத்திருந்தது 30 சென்டிமீட்டர் ஸ்பானர். அதற்கு எட்டரை கிலோவே போதும். நான் உடம்பு எடையையே போட்டிருந்தேன். லேபர் மிச்சம் பிடிக்கப் போய், லேத் பட்டறையில் மரை போட்டுக் கொண்டுவர அதைப்போல் பல மடங்கு கொடுத்தேன்.

அதிலிருந்து ஆயில், பிரேக் ஆயில், வால்வு கிளியரன்ஸ் எல்லாம் கடைக்குத்தான். பிரேக்கில் ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும். அதைக் கற்றுக்கொள்ள நடுரோடு சரியான இடமில்லை.

செயின் மாற்றுவதும் கடை வேலைதான். எப்போது மாற்றுவது என்பதை மட்டும் நானே பார்த்துக்கொள்கிறேன். பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசி ஓரத்தில் செயினை விரலால் பின்னோக்கி இழுத்தால், நல்ல செயின் அசையாது. பல்லில் பாதி வெளியே தெரிந்தால் ஆயுள் முடிந்துவிட்டது. போன மாதம் அப்படித் தெரிந்துதான் போனேன். வண்டியை எடுக்கும்போது செயினின் இரு முனைகளை இணைக்கும் லாக்கை (ஒரு முனை பிளந்த சின்னக் கிளிப்) மட்டும் குனிந்து பார்த்தேன். பிளவு இல்லாத முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிலாவது இடித்து லாக் கழன்றுவிடலாம். திருப்பிப் போட்டிருந்தான். சொன்னதும் தலையைச் சொறிந்துகொண்டே கட்டிங் பிளேயரை எடுத்தான்.