டாப் ஹோல்டர்: ஆளா, முகவரியா?

ஈரோட்டில் மஞ்சள் மண்டி ஒன்றில் கணக்கு எழுதும் என் அக்காள் மகன், சென்ற மாதம் கைப்பேசியை என் முன் நீட்டி, "மொத ஆளே நூத்துக்கு நாப்பத்தொண்ணு வெச்சிருக்கறானுங்களே, ஆருங்க மாமா அது?" என்று கேட்டான். நாணயம்போல் இணையத்தில் கைமாறும் ஷிபா இனு என்னும் கிரிப்டோ டோக்கன் எங்கெங்கே எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் 'ஹோல்டர்ஸ்' பட்டியல் திரையில் இருந்தது. 'ஆரு' என்று அவன் கேட்டதற்குக் காரணம், ஹோல்டர் என்றால் ஓர் ஆள் என்று அவன் எடுத்துக்கொண்டதுதான். அச்சொல்லை உரிமையாளர் என்றும் பங்குதாரர் என்றும் தமிழாக்குவோரும் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

ஹோல்டர் என்பதன் பகுதியாகிய 'ஹோல்ட்' இன்று பிடித்தல், வைத்திருத்தல் என்னும் பொருள்களில் வழங்குகிறது. அதன் இனச்சொல்லான 'ஹால்டன்', பழைய கோத்திக் மொழியில் கால்நடையை மேய்த்துக் காப்பதைக் குறித்தது. காங்கேயம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பட்டியில் நிற்கும் உருப்படி அத்தனையும் பட்டியைக் காப்பவனுக்கே சொந்தம் என்று அங்கே எவரும் எண்ணுவதில்லை.

பங்குதாரர் என்பதில் உள்ள 'தார்', வைத்திருத்தலைக் குறிக்கும் பாரசீக ஈறு. பட்டாதாரர், சந்தாதாரர் ஆகியவற்றிலும் இருப்பது அதுவே. ஆகவே 'டோக்கன்தாரர்' என்று சொல்வோர் ஆங்கிலத்தை விலக்கிப் பாரசீகத்தை அமர்த்துகிறார்களே ஒழிய வேறொன்றும் செய்வதில்லை. அதை நான் குற்றமாகக் கொள்ளவில்லை, தாரர் நம்மிடம் வந்து ஊறிப்போன சொல்தான். ஆனால் பங்குதாரர் என்றால் ஒரு நிறுவனத்தில் பங்குரிமை உண்டு என்றாகிவிடும். டோக்கன் வாங்கியவருக்கு அப்படியொரு உரிமை தானாக வந்துவிடுவதில்லை. உரிமையாளர் என்பது அதைவிடப் பெரிய தவறு. அது ஏன் என்பது பட்டியல் உருவாகும் விதத்தைப் பார்த்தால் விளங்கும்.

கைமாற்றங்களைப் பல கணினிகளில் பொதுவாகப் பதிந்துவைக்கும் பேரேடுதான் பிளாக்செயின் என்னும் தொடர். அவற்றில் ஒன்றான எத்தீரியத்தில் பெரும்பாலான டோக்கன்கள் 2015 நவம்பரில் முன்மொழியப்பட்ட இ.ஆர்.சி.-20 என்னும் நெறியின்படி எழுதப்பட்டவை. அந்நெறியில் உள்ள 'பேலன்ஸ்ஆஃப்' என்னும் செயற்கூறு, வங்கிக் கணக்கு எண்ணைப் போன்ற ஒரு முகவரியைக் கொடுத்தால் அதில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டுமே விடை சொல்லும். அதிகமாக வைத்திருப்பது எது என்று கேட்பதற்கு அந்நெறியில் வழியே இல்லை. ஈதர்ஸ்கேன் போன்ற தளங்கள், டோக்கன் பிறந்த நாளிலிருந்து நடந்த ஒவ்வொரு கைமாற்றத்தின் பதிவையும் படித்து, வரவையும் செலவையும் முகவரிவாரியாகக் கூட்டிக் கழித்து, மிச்சத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கித் தருகின்றன. பேரேட்டைப் பார்த்து ஆண்டிறுதியில் ஐந்தொகை எடுக்கும் வேலைதான் இது. தேடும்போது டோக்கனின் பெயரைக் கொடுக்காமல் அதன் ஒப்பந்தத்தின், அதாவது அதை இயக்கும் நிரலின், முகவரியைக் கொடுப்பது நல்லது, ஏனெனில் ஒரே பெயரில் போலிகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். வரும் பட்டியலில் வரிசை எண், முகவரி, அளவு, மொத்த வழங்கலில் அதன் விழுக்காடு ஆகியவை இருக்கும். ஆளின் பெயருக்கென்று ஒரு பத்தி அதில் இல்லை.

பட்டியலில் உள்ள ஒரு முகவரி, டோக்கன் வாங்கி விற்க இடந்தரும் சந்தை நிறுவனம் ஒன்றின் பணப்பையாக இருந்தால், வாடிக்கையாளர் பலருடைய டோக்கன்கள் அந்த ஒரே வரியில் அடங்கிவிடும். டோக்கன் மாற்றுவதற்கான இருப்பைத் தேக்கி வைத்திருக்கும் ஒப்பந்தமாக இருந்தால், அங்கே இருப்பது ஆளே அல்ல, நிரல். மறுபுறம், ஒரே ஆள் நூறு முகவரிகளைத் திறந்து தன் இருப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு, பட்டியலின் முதல் பக்கத்திலேயே தென்படாமல் இருந்துவிடவும் முடியும்.

இதற்கு ஏற்ற சொல் அக்காள் மகனின் மண்டியிலேயே புழங்குகிறது. விலை ஏறட்டும் என்று விவசாயிகள் போட்டுவைத்த விரலியும் கிழங்குமாக ஒரு கிடங்கில் 5,000 மூட்டை கிடந்தால், 'குடோன் இருப்பு 5,000' என்று ஏட்டில் எழுதுவார்கள். அதற்காகக் கிடங்குக்காரரை 5,000 மூட்டைக்குச் சொந்தக்காரர் என்று எவரும் சொல்வதில்லை. எது எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லி, யாருடையது என்னும் கேள்வியைத் திறந்தே விடுவதுதான் 'இருப்பு' என்னும் சொல்லின் நேர்மை. ஆதலால் 'டாப் ஹோல்டர்ஸ்' என்பதைப் 'பேரிருப்பு முகவரிகள்' என்று எழுதலாம் என்பது என் கருத்து. டோக்கனுக்கு 'வில்லை' என்று எழுதுவோர் உண்டு. மாத்திரைக்கும் கண்ணாடி லென்சுக்கும் ஏற்கெனவே அச்சொல் போய்விட்டதால் நான் டோக்கன் என்றே விட்டுவிடுகிறேன். முகவரிக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று ஐயமின்றித் தெரிந்த இடத்தில் மட்டும் 'இருப்பாளர்' என்னலாம்.

அக்காள் மகன் கேட்ட 41 விழுக்காட்டுக்கும் இதையே சொன்னேன். 2020இல் ஷிபா இனு தொடங்கப்பட்டபோது அதன் மொத்த வழங்கலில் பாதி, எத்தீரியத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டெரின் கேட்காமலேயே அவருடைய முகவரிக்கு அனுப்பப்பட்டது. 2021 மே மாதத்தில் அவர் அதில் ஒரு பகுதியை இந்தியாவின் கோவிட் நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டு, ஏறத்தாழ 410 லட்சம் கோடி டோக்கன்களை, அதாவது அந்த 41 விழுக்காட்டை, இருப்பை எடுப்பதற்கான இரகசியத் திறவுகோல் எவரிடமும் இல்லாத முகவரி ஒன்றுக்கு அனுப்பி, திரும்ப எடுக்க முடியாதபடி செய்தார். அனுப்பும் வரையில் அவரை இருப்பாளர் என்று எழுதலாம். அதற்குப் பிறகு பட்டியலின் முதல் வரியில் இருப்பு உண்டு, ஆள் இல்லை. "அப்ப மொத ஆளு ரெண்டாவது வரியிலிருந்துதானுங்களா?" என்றான். இரண்டாவது வரியைத் தொட்டோம். ஒரு சந்தை நிறுவனத்தின் பெயர்ச்சீட்டு அதில் ஒட்டியிருந்தது.