கணினிக்குள் ஒரு சுபாவம்

ராஜாவைத் தாக்க வழி தெரிந்தால் சிலர் குதிரையையே தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். சிலர் ஒரு சிப்பாயைக்கூட விட மாட்டார்கள். சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் சதுரங்கம் ஆடும் பெரியவர்களிடம் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். "அண்ணன் ஆட்டமா? அப்போ இன்னிக்கும் குதிரை போகும்" என்று பக்கத்து மேசைக்காரர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். இந்தச் சுபாவத்தைக் கணினிக்கு எப்படிக் கொடுக்கிறார்கள்?

எல்லாம் மதிப்பெண்ணில் தொடங்குகிறது. அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷேனன் 1950இல் வெளியிட்ட கட்டுரையில் ராணிக்கு 9, யானைக்கு 5, குதிரைக்கும் பிஷப்புக்கும் 3, சிப்பாய்க்கு 1 என்று வைத்தார். அதோடு விடவில்லை. தனித்து நிற்கும் சிப்பாய்க்கு அரைப் புள்ளி கழித்தார். நகர்த்த முடிகிற ஒவ்வொரு நகர்வுக்கும் 0.1 கூட்டினார். தோட்டத்தில் கிராணி பால் நிறுக்கும்போது எடையோடு நிற்காமல், அதில் ரப்பர் எத்தனை விழுக்காடு என்றும் பார்ப்பாரே, அதே கணக்குத்தான்.

இந்த எண்களை மாற்றினால் ஆட்டக்காரரே மாறிவிடுகிறார். ஒரு குதிரையைக் கொடுத்து ஒரு சிப்பாயை எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நட்டம் 2. பதிலுக்கு எதிரி ராஜாவின் காவல் உடைகிறது; அதற்கு நிரல் 1.5 தருகிறது. மொத்தத்தில் அரைப் புள்ளி குறைவு, ஆகவே கணினி அந்தப் பக்கமே போகாது. ராஜா மீதான தாக்குதலின் எடையை இரட்டிப்பாக்குங்கள்: 3இல் 2 போக, 1 மிச்சம். அதே கணினி இப்போது தயங்காமல் குதிரையைப் பலி கொடுக்கும். செஸ்மாஸ்டர் என்ற பழைய மென்பொருளில் காய்களின் மதிப்பை நாமே மாற்றி, நமக்கென்று ஓர் எதிராளியை உருவாக்க முடிந்தது. ஆட்டம் சமநிலையில் முடிவதைப் பூஜ்யமாக எண்ணாமல் சற்று நட்டமாக எண்ணச் செய்தால், கணினி சமரசத்துக்கு இறங்காமல் சண்டையை இழுத்துக்கொண்டே போகும்.

வீரம், நிதானம், பிடிவாதம் எல்லாம் இப்படி வந்துவிடுகின்றன. வராதது மனிதத் தவறு. கணினியைப் பலவீனமாக்க, இடையிடையே மோசமான நகர்வு ஒன்றைக் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுக்க வைப்பது பழைய வழக்கம். பத்து நகர்வு மேதைபோல ஆடும். பதினோராவதில் காரணமே இல்லாமல் ராணியைக் கொடுத்துவிடும். எந்தப் பிள்ளையும் அப்படித் தோற்பதில்லை. பார்வைக்கு எட்டாத மூலையிலிருந்து வரும் பிஷப்பைக் கவனிக்காமல்தான் தோற்கிறது.

2020இல் வெளிவந்த மையா இதற்கு வேறு வழி கண்டது. டொரொண்டோ, கோர்னெல் பல்கலைக்கழகங்களும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவும் சேர்ந்து செய்த நிரல் அது. லிசெஸ் தளத்தில் மனிதர்கள் ஆடிய கோடிக்கணக்கான ஆட்டங்களைக் கொடுத்து, "சிறந்த நகர்வு எது?" என்பதற்குப் பதிலாக, "இந்தத் தரத்தில் உள்ள மனிதர் எதை ஆடுவார்?" என்று பழக்கினார்கள். ஆட்டத்திறனைக் காட்டும் புள்ளிக் கணக்கில் 1100 முதல் 1900 வரை ஒன்பது தரங்களுக்கு ஒன்பது மாதிரிகள். பல நகர்வுகள் முன்னோக்கித் தேடும் வேலையையே அது செய்வதில்லை. அப்படியும், மனிதர் ஆடிய நகர்வைப் பாதித் தடவையாவது சரியாகச் சொல்லிவிடுகிறது. தவறுகளையும் சேர்த்தே!

எனக்கு இதுதான் பெரிய முன்னேற்றமாகப் படுகிறது. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளில் பலருக்குப் பயிற்சியாளர் கிடைப்பதில்லை. கையில் இருப்பது அப்பாவின் கைப்பேசி. மையாவை லிசெஸில் இலவசமாகவே எதிர்கொள்ளலாம். பிறகு ஆய்வாளர்கள் ஒரே ஆட்டக்காரரின் ஆட்டங்களை மட்டும் கொடுத்து மையாவை மேலும் பழக்கினார்கள்; அந்த ஒருவரின் நகர்வுகளை அது இன்னும் துல்லியமாகக் கணித்தது. போதுமான ஆட்டங்கள் பதிவாகியிருந்தால், குதிரையைக் கொடுக்கும் அந்த அண்ணனின் ஆட்டத்தையும் இப்படிப் பழக்கலாம்.