வீக்கமா, வளர்ச்சியா?

காலையில் எழுந்ததும் பிள்ளை நொண்டுகிறது. பத்து மணிக்குள் சரியாகிவிடுகிறது. சாயங்காலம் தெருவில் பந்து விளையாடுகிறது. "ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிப்பு" என்று அப்பா சொல்வார். "வளர்ற பிள்ளை, அப்படித்தான் வலிக்கும்" என்று பாட்டி தைலம் தேய்ப்பார்.

வளர்ச்சி வலி என்று ஒன்று உண்டுதான். ஆனால் அது ராத்திரியில் வந்து, விடிந்ததும் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். காலையில் விறைத்துப்போய், நடக்க நடக்க இளகுகிற மூட்டு வேறு ஜாதி. 16 வயதுக்குள் தொடங்கி, 6 வாரத்துக்குக் குறையாமல் நீடித்து, காரணமும் பிடிபடாத மூட்டு அழற்சியை ஜேஐஏ (ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைடிஸ்) என்கிறார்கள். பாட்டிக்கு வருகிற மூட்டுத் தேய்மானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த மூட்டின் உட்சவ்வையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. முழங்காலில் 2 மில்லிமீட்டருக்குள் அடங்கியிருக்க வேண்டிய அந்தச் சவ்வு தடித்துப் புடைக்கிறது, நீரைச் சுரக்கிறது, நாளாவட்டத்தில் குருத்தெலும்பை அரிக்கிறது.

எக்ஸ்ரேயில் இதெல்லாம் தெரியாது. அது சுண்ணாம்புச் சத்தைப் பார்க்கிற கண். எலும்பு அரிக்கப்பட்ட பிறகுதான் அதற்கு விஷயம் புரியும். சிறு பிள்ளைகளிடம் இன்னும் மோசம்: அவர்களின் எலும்பு முனைகளில் பாதி குருத்தாகவே இருப்பதால், எக்ஸ்ரேயில் அந்த இடம் வெறும் இடைவெளியாகத்தான் தெரியும்.

எம்ஆர்ஐ பார்ப்பது தண்ணீரை. தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுவின் கரு ஒவ்வொன்றும் ஒரு பொடிக் காந்தம். பூமியின் காந்தப்புலத்தைப் போல 30,000 மடங்கு வலுவான 1.5 டெஸ்லா காந்தத்துக்குள் படுத்தால் இவை புலத்தின் திசையிலும் எதிர்த் திசையிலுமாக நிற்கும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். ஒரு பக்கம் கூடுதலாக இருப்பது 10 லட்சத்துக்கு வெறும் 5. இந்த அற்ப மிச்சத்தை வைத்தா படம் எடுக்கிறார்கள் என்று தோன்றலாம். ஒரு கன மில்லிமீட்டர் தண்ணீரில் அந்த மிச்சமே 3 கோடிக் கோடிக்கு மேல் வரும், போதாதா? எஃப்எம் அலைவரிசைக்குச் சற்றுக் கீழே, சுமார் 64 மெகாஹெர்ட்ஸில் ஒரு ரேடியோ அலையைச் செலுத்தினால் அவை சாய்ந்து, பதிலுக்குத் தாமும் ஒரு அலையை அனுப்புகின்றன. அந்தப் பதில்தான் படம். எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் போலக் கதிர்வீச்சு இதில் இல்லை. வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டிய பிள்ளைக்கு அது சின்ன விஷயமல்ல.

ஒரு சிக்கல்: எலும்பு மஜ்ஜையில் கொழுப்பு ஏராளம், அதுவும் பளிச்சென்றுதான் தெரியும். அழற்சியால் மஜ்ஜைக்குள் ஊறிய நீர் அந்த வெளிச்சத்தில் மறைந்துபோகும். இதற்கு 1980களில் கண்டுபிடித்த தந்திரத்துக்கு ஸ்டிர் என்று பெயர். எல்லாக் காந்தங்களையும் முதலில் தலைகீழாகப் புரட்டிவிடுகிறார்கள். அவை பழைய நிலைக்குத் திரும்பும் வழியில் பூஜ்யத்தைக் கடந்தாக வேண்டும். கொழுப்பு சுறுசுறுப்பு, 150 மில்லிநொடி வாக்கிலேயே பூஜ்யத்துக்கு வந்துவிடும். நீர் சோம்பேறி, அப்போதும் தலைகீழாகவே கிடக்கும். சரியாக அந்தக் கணத்தில் காது கொடுத்தால் கொழுப்பிடமிருந்து சத்தமே வராது, நீர் மட்டும் பேசும். கருத்துப்போன எலும்புக்குள் ஈரச்சுவரில் பூத்த கறை மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு தெரியும்.

ஆனால் மூட்டுக்குள் தேங்கிய நீரும், நீர் கோத்துத் தடித்த சவ்வும் ஸ்டிர் படத்தில் ஒரே வெள்ளை. இரண்டையும் பிரிக்க நரம்பில் காடோலினியம் மருந்து ஏற்றுகிறார்கள். ரத்தம் அதிகம் பாயும் சவ்வு அதை உடனே வாங்கி ஒளிர்கிறது. நீர் இருட்டாகவே நிற்கிறது. படத்தைச் சில நிமிடங்களுக்குள் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் மருந்து நீருக்குள்ளும் கசிந்து எல்லை கலைந்துவிடும். இந்த மருந்தின் சொற்ப அளவு மூளையில் தங்குவதாக 2014இல் ஜப்பானிலிருந்து தகவல் வந்தது. அதனால் கெடுதல் என்று நிரூபணமாகவில்லை. என்றாலும் பிள்ளைகள் விஷயத்தில், மருந்து இல்லாமலே முடியுமென்றால் அப்படியே முடித்துவிடப் பார்க்கிறார்கள்.

தாடை மூட்டில் மட்டும் அந்த மருந்தைத் தவிர்ப்பது கஷ்டம். காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து பாருங்கள், அசைகிறதல்லவா, அதுதான். ஜேஐஏ இங்கே சத்தமில்லாமல் நுழையும். பல நேரம் வலி இருக்காது, வெளியே வீக்கமும் தெரியாது. கீழ்த்தாடை வளரும் இடமோ அந்த மூட்டின் மேற்பரப்புக்கு அடியிலேயே இருக்கிறது. அழற்சி அதைத் தொட்டால் வளர்ச்சி தடைபட்டு முகவாய் உள்வாங்கும், அல்லது முகம் ஒரு பக்கம் கோணும். கண்ணாடியில் தெரியும்போது காலம் கடந்திருக்கும். முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதில் எம்ஆர்ஐக்கு நிகராக வேறொன்று இல்லை.

இத்தனைக்கும் பிள்ளை அசையாமல் கிடக்க வேண்டும், அரை மணி நேரமாவது. உள்ளே கம்பிச்சுருள்கள் மின்சாரத்தில் அதிர்ந்து, பக்கத்து வீட்டில் தரை உடைக்கிற மாதிரி டக்டக்கென்று அடிக்கும். "சிலை விளையாட்டு விளையாடலாமா? அம்மா பக்கத்துலயே நிப்பாங்க" என்று பேசிப் பேசியே ஆறேழு வயதுப் பிள்ளைகளைச் சம்மதிக்க வைத்துவிடுகிற டெக்னீஷியன்கள் உண்டு. அதற்கும் சின்னவர்களுக்குப் பெரும்பாலும் மயக்க மருந்துதான்.

படம் வந்தாயிற்று. இனிதான் தலைவலியே. வெள்ளையெல்லாம் வியாதி அல்ல. பிறக்கும்போது நம் மஜ்ஜை முழுக்கச் சிவப்பு. வயது ஏற ஏற, கை கால்களின் நுனியிலிருந்து உடலை நோக்கிக் கொழுப்பாக மாறுகிறது. மாறாமல் மிச்சமிருக்கும் சிவப்புத் திட்டுகளில் நீர்ச்சத்து அதிகம் என்பதால் அவையும் ஸ்டிர் படத்தில் லேசாக வெளுக்கும். எந்த நோயும் இல்லாத பிள்ளைகளின் மணிக்கட்டை ஸ்கேன் செய்து பார்த்தபோது, பெரியவர்களிடம் அரிப்பு என்று எழுதக்கூடிய பள்ளங்களும், வீக்கம் என்று எழுதக்கூடிய வெளுப்பும் சர்வசாதாரணமாகத் தென்பட்டன.

இடுப்பின் பின்புறம், முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டில் குழப்பம் உச்சம். தசைநாண்கள் எலும்பில் ஒட்டும் இடங்களைத் தாக்குகிற ஜேஐஏ வகை ஒன்று உண்டு. இந்தியாவில் பதின்ம வயதுப் பையன்களிடம் இது நிறையவே காணப்படுகிறது. அது குறிவைக்கும் மூட்டுகளில் ஒன்று இது. அதே வயதில், அதே மூட்டை ஒட்டி, வளரும் குருத்தின் ஓரமாக இயல்பாகவே ஒரு வெள்ளை விளிம்பு ஓடும். பாட்டி சொன்ன 'வளர்ற பிள்ளை' இங்கே வேறு ரூபத்தில் வந்து நிற்கிறது. அதை அழற்சி என்று எழுதினால், ஒன்றுமில்லாத பையனுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மெத்தோட்ரெக்சேட்டோ அடலிமுமாப் ஊசியோ தொடங்கிவிடும். வளர்ச்சி என்று ஒதுக்கினால் மூட்டு அரிபடும்.

அனுபவசாலிகள் இடது வலது இரண்டையும் ஒப்பிடுவார்கள். இரண்டு பக்கமும் ஒரே சீராக, மெல்லிய கோடாக, எலும்பின் வளர்விளிம்பைப் பிடித்துக்கொண்டு போனால் அது பெரும்பாலும் வளர்ச்சி. ஒரு பக்கம் மட்டும் எலும்புக்குள் ஆழமாகப் பரவி, மூட்டு இடுக்கிலும் நீர் தேங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கும். பெரியவர்களுக்கான மதிப்பெண் முறை இவர்களுக்குப் பொருந்தாது என்றுதான் பிள்ளைகளுக்கென்றே ஜாம்ரிஸ் என்ற முறையை உருவாக்கினார்கள். முழங்கால் சவ்வு 2 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் சுழி, 4ஐத் தொட்டால் 2 மதிப்பெண் என்று அதில் கணக்கு.

ஸ்கேன் ரிப்போர்ட்டின் அடியில் 'மருத்துவப் பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்று ஒரு வரி இருக்கும். தப்பித்துக்கொள்ள எழுதுகிறார்கள் என்று நாம் நினைப்போம். பிள்ளைகளின் ரிப்போர்ட்டில் அந்த வரி முழுக்க நியாயமானது. படத்தை ஓரமாக வைத்துவிட்டு டாக்டர் பையனைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழச் சொல்வார், இடுப்பை அழுத்திப் பார்ப்பார். பிறகு அம்மாவிடம் கேட்பார்: "காலைல எழுந்ததும் எவ்வளவு நேரம்மா நொண்டுறான்?"