தசைக்குள் வெள்ளையணுக்கள் நுழையும் வழி

தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, தலைவாரக் கை உயரவில்லை என்று வருபவர்களில் சிலர் கல்லீரல் பரிசோதனைக் கோப்போடு வருகிறார்கள். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் கூடியிருக்கும். அந்த நொதிகள் தசையிலும் உண்டு. தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் நொதியான கிரியேட்டின் கைனேஸ் ஒன்றைப் பார்த்திருந்தால் மாதக்கணக்கில் அலைச்சல் மிச்சமாகியிருக்கும். இமைகளில் ஊதா நிறமும் விரல் முட்டிகளில் தடித்த திட்டுகளும் சேர்ந்திருந்தால் தோலையும் தசையையும் தாக்கும் அழற்சி நோயான டெர்மடோமயோசைடிஸை நினைக்க வேண்டும். மாநிறத் தோலில் அது வெறும் கருமையாகத் தெரிவதால் அலர்ஜிக் களிம்பிலேயே காலம் போய்விடுகிறது.

"ரத்தத்தில் ஓடும் அணுக்கள் தசைக்குள் ஏன் போகின்றன, டாக்டர்?" என்று நோயாளிகள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. சாதாரணமாக அவை குழாய்ச் சுவரில் நிற்பதில்லை. அழற்சிச் சமிக்ஞைகள் எட்டியதும் சுவரின் உட்புறச் செல்கள் செலக்டின்கள் என்ற ஒட்டும் புரதங்களை வெளியே நீட்டுகின்றன. வெள்ளையணு அதில் பட்டு வேகம் குறைந்து உருளத் தொடங்குகிறது. அடுத்து ஐகேம்-1, விகேம்-1 என்ற ஒட்டு மூலக்கூறுகள் வெள்ளையணுவின் மேலுள்ள இன்டெக்ரின்கள் என்ற பற்றுப் புரதங்களை இறுகப் பற்ற, அணு நின்று, செல்களின் இடுக்கு வழியே நுழைந்துவிடுகிறது. டெர்மடோமயோசைடிஸ் நோயாளிகளிடம் பரிசோதனைக்கு வெட்டியெடுத்த தசைத் துணுக்குகளில் (பயாப்சி) நுண்குழாய்களின் மேல் இந்த ஒட்டு மூலக்கூறுகள் மிகுந்திருப்பதைக் காணலாம். அங்கே நோய் எதிர்ப்பு அமைப்பைச் சேர்ந்த காம்ப்ளிமெண்ட் புரதங்கள் தந்துகிகளையே சிதைக்கின்றன. தசைக் கற்றையின் ஓரத்து நார்கள் முதலில் சுருங்குகின்றன.

அப்படியானால் இந்தப் பிடியைத் தடுத்துவிடலாமே? தடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு வந்த எஃபாலிசுமாப் என்ற மருந்து வெள்ளையணுவின் இன்டெக்ரினை மறித்தது. சிலருக்கு மூளையில் உயிர்கொல்லி வைரஸ் தொற்று வரவே, 2009இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. பிறவியிலேயே இந்த இன்டெக்ரின்கள் குறைந்த குழந்தைகளுக்குத் தொற்றுகள் ஓயாமல் வருகின்றன. காவல் படையும் இதே வழியாகத்தான் போகவேண்டியிருக்கிறது.

ஆகவே இன்றும் சிகிச்சை என்றால் நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட், அசாதயோபிரின்தான். ரத்த தானத்திலிருந்து பிரித்த எதிர்ப்புரதங்களைச் சிரைவழி ஏற்றும் இம்யூனோகுளோபுலின் விலை அதிகம், பலருக்கு எட்டாது. ஆனால் 1993இல் வெளியான டெர்மடோமயோசைடிஸ் ஆய்வில், இம்யூனோகுளோபுலின் ஏற்றிய பின் எடுத்த தசைத் துணுக்குகளில் ஐகேம்-1 குறைந்திருந்தது. பலம் கூடியதற்குத் திசுவிலேயே சாட்சி கிடைத்தது என்பதால் எனக்கு அந்த ஆய்வின்மேல் தனி மதிப்பு.

தசைத் துணுக்குப் பரிசோதனை சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்த பின் பார்த்தால் அழற்சியின் தடயம் மங்கியிருக்கலாம். விழுங்கும்போது புரையேறினாலோ மூச்சு வாங்கினாலோ மட்டும் எந்த முடிவுக்கும் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.