கொடிக் கம்பியில் கூடு கட்டுவது ஹம்மிங்பேர்டு அல்ல

சென்ற மாதம் வியாசர்பாடியிலிருந்து ஒரு அம்மாள் செருப்பு டப்பாவுடன் பெரம்பூரில் இருக்கும் என் கால்நடை மருத்துவ நிலையத்துக்கு வந்தார். "ஹம்மிங்பேர்டு குஞ்சு டாக்டர். கூட்டோடு விழுந்துவிட்டது. சர்க்கரைத் தண்ணீர்தான் குடிக்குமாமே, கொடுத்தேன்."

உள்ளே கட்டைவிரல் அளவில் ஓர் உயிர். கழுத்து இறகுகள் சர்க்கரைப் பாகு காய்ந்து மொடமொடவென்றிருந்தன. மெத்தையாக வைத்த பஞ்சு நகங்களில் சுற்றியிருந்தது. வெதுவெதுப்பான நீரில் துடைத்து, பஞ்சைப் பிரிக்கவே அரை மணி நேரமானது.

அது தேன்சிட்டு. ஹம்மிங்பேர்டு இனங்கள் 300-க்கு மேல் உண்டு. அலாஸ்கா முதல் தென் அமெரிக்காவின் தென்கோடி வரை பரவியிருக்கின்றன. ஆனால் அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே ஒன்றுகூடக் கிடையாது. கியூபாவின் குட்டி இனம் ஒன்று 2 கிராம் எடைதான். தோளிலிருந்து இறக்கையைச் சுழற்றுவதால் அவை அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும், பின்னோக்கியும் பறக்கும். குளிரான இரவுகளில் உடல் வெப்பத்தைத் தணித்துக்கொண்டு மரத்துப்போய்க் கிடக்கும். உறவுமுறை பார்த்தால் அவை நம் பனைமரத்து உழவாரன் குருவிக்குத்தான் பங்காளிகள், தேன்சிட்டுக்கு அல்ல. தேன்சிட்டு பெரும்பாலும் காம்பைப் பற்றி உட்கார்ந்தே குடிக்கும். அந்தியில் பூ முன் அந்தரத்தில் நிற்பதை நீங்கள் பார்த்திருந்தால், அநேகமாக அது ஒரு விட்டில்பூச்சி.

பெயர் மாறினால் என்ன என்று கேட்கலாம். தேன் குடிக்கும் பறவை என்ற எண்ணம்தான் குஞ்சைக் கொல்கிறது. இரண்டு வகைக் குஞ்சுகளும் வளர்வதற்குப் பூச்சியும் சிலந்தியும் வேண்டும். பாலோ சோறோ கூடாது. வாயில் ஊற்றும் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதும் கட்டுக்கதை. காயமில்லாத குஞ்சைக் கூட்டில் வையுங்கள். கூடு சிதைந்திருந்தால் தேங்காய் நார் வைத்த சிறு கூடையில் வைத்து, அதே இடத்தில் கட்டித் தள்ளி நில்லுங்கள். காயமிருந்தால் காற்றோட்டமுள்ள இருட்டு டப்பாவில் வைத்து மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள், வனத்துறைக்கும் சொல்லிவிடுங்கள். வீட்டில் வளர்க்க 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது.

அந்த அம்மாள் கூடையைத் துணிக்கொடியிலேயே கட்டினார். மாலையில் தொலைபேசியில் அழைத்தார்: "தாய் வந்துவிட்டது டாக்டர். வாயில் என்னவோ காலை உதைத்துக்கொண்டிருக்கிறது, சிலந்தி போல."